விலைப்பட்டியலில் இல்லாத பாவைப்பிள்ளை

திராய்மடு, மட்டக்களப்பு
14.09.2008

அன்புள்ள பியட்றிஸ்,

உனக்கும் லெஸ்டருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று நம்புகிறேன். எனக்கு வழமையான முழங்கால் வலி. அதைத் தவிர விசாரிப்பதற்கு என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

நீ மூன்று தடவை ரெலிபோன் எடுத்ததாகப் பாதர் சொன்னார். ரெலிபோனில் நீ அழுவாய், நான் காதில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கடிதம் என்றால் அழுது முடித்துவிட்டு எழுதலாம். ஆகவே எழுது.

முதல் பெட்டிக்கு நடந்ததை அறிந்தோம். எங்கள் பெண்கள் இலவம்பஞ்சு அடைத்துத்தான் பாவைப்பிள்ளை தைத்தார்கள். தலையணைக்கு அடைப்பதும் அதுதானே. பஞ்சுக்குள் விதை கிடந்ததாம், உங்கள் நாட்டு மண்ணுக்கு ஆபத்தாம், ஐம்பதையும் எரித்துவிட்டார்களாம். "நம்மட பஞ்சு என்ன அம்மை நோயா சேர்?" என்று யசோதினி என்ற பெண் கேட்டாள். இப்போது கொழும்பிலிருந்து பொலியெஸ்ரர் பஞ்சு வருகிறது. விதை இல்லை. எந்த மண்ணில் போட்டாலும் முளைக்காது.

சுனாமிக்குப் பிறகு கோயில் மண்டபத்தில் தொடங்கிய தையல் வகுப்பு இது என்பது உனக்குத் தெரியும். இங்கிலிஸ் தெரிந்தவன் என்று ஏற்றுமதிக் கடதாசி எழுத என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இருபத்தாறு வருடம் படிப்பித்த கையால் பொம்மைகளின் கழுத்தில் தொங்கும் அட்டைகளை நிரப்புகிறேன். பொம்மைக்கு ஒரு பெயர், தைத்தவளின் ஊர். இவர்கள் கொடுத்துவைத்தவர்கள். விசா தேவையில்லை. ஸ்பொன்சர் தேவையில்லை. அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோகும் மாமியும் தேவையில்லை.

2003இல், சண்டை நின்றிருந்த காலத்தில், எங்களைக் கூப்பிடக் கடதாசி அனுப்புவதாகச் சொன்னாய். அது வந்து நாங்கள் போயிருந்தால் அடுத்த வருடம் கடல் ஏறிய அன்று ஹெதரும் என் ஒன்பது வயதுப் பிள்ளையும் டச்பார் கடற்கரை வீட்டில் இருந்திருக்க மாட்டார்கள். இதை நான் முதல் தடவை எழுதவில்லை. கடைசித் தடவையும் அல்ல.

ஒரு பொம்மைக்குப் பியோனா என்று பெயர் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தாய். மாட்டேன்.

இப்படிக்கு, இன்னும் இருக்கும் உன் அண்ணன்,
வேர்னன்

*

மெல்பேர்ண்
19.10.2008

பாசமுள்ள வேர்னன் அண்ணாவுக்கு,

தேவமாதாவின் துணையால் நாங்கள் சுகம். முழங்காலுக்கு ஒரு தைலம் பாதரின் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். சூடு பறக்கத் தேய்க்க வேண்டாம், தோல் உரியும்.

அண்ணா, நான் மறக்கவில்லை. நீங்கள் எத்தனை தரம் எழுதினாலும் நானும் இதையே எழுதுவேன். 2003 ஆவணியில் என் கையாலேயே பார்சல் போட்டேன். லெஸ்டர் கையெழுத்து வைத்த படிவங்கள், அவர் உங்களுக்கு எழுதிய ஒரு துண்டுக் கடிதம், பியோனாவின் முதல் நன்மைக்கு ஞானத்தாய் நான் வாங்கிய ஒரு பாவைப்பிள்ளை. டச்பாருக்குத் தபால் ஒழுங்காக வராது, பள்ளிக்கூடத்து விலாசம்தான் பத்திரம் என்று நீங்கள் சொன்னபடி அங்கேதான் அனுப்பினேன். பதிவுத் தபாலில் போடாதது என் பிழை. ஒரு வருடம் தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்தேன். திரும்ப அனுப்புவோமா என்று கேட்டதற்கு லெஸ்டர், "உன்ட அண்ணன் பெருமைக்காரன், முதல்ல அவன் ஒரு வரி எழுதட்டும்" என்றார். மச்சாளும் எழுதவில்லை. நானும் இருந்துவிட்டேன்.

நல்ல செய்தி ஒன்று. இங்கே ஒரு கடைக்காரி நூற்றிருபது பொம்மை கேட்கிறாள். அடுத்த நத்தார் பண்டிகைக்கு, ஆனால் ஆவணிக்குள் வந்து சேர வேண்டும். பொத்தான் கண் கூடாது, சின்னப் பிள்ளைகள் கடித்து விழுங்குமாம். கண் நூலால்தான் தைக்க வேண்டும். தைக்க ஆள் இருக்கிறதா?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள் அண்ணா.

உங்கள் தங்கை,
பியட்றிஸ்

*

திராய்மடு
29.12.2008

அன்புள்ள பியட்றிஸ்,

நீங்கள் சுகமாக இருப்பதாக எழுதியிருந்தாய். சந்தோசம். தைலம் வந்தது. முழங்கால் அதை மதிக்கவில்லை.

நான்காம் வருடப் பூசைக்குப் போனேன். பெயர்களை வாசித்தார்கள். ஹெதரின் பெயரைப் பிழையாக உச்சரித்தார்கள். எழுந்து திருத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பார்சலைப் பற்றி எழுதியிருந்தாய். வரவில்லை. ஆவணியிலும் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு எதுவும் இல்லை.

கண் தைக்க ஆள் இருக்கிறது. பஞ்சு நோயா என்று கேட்ட அதே யசோதினி. கொக்கட்டிச்சோலைக்காரி. விடியவே மண்முனையில் பாதைப் படகு ஏறி வாவியைக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருகிறாள். உடம்பு தைக்க எட்டுப் பேர், முகத்துக்கு இவள் ஒருத்தி. மற்றவர்கள் தைத்தால் பொம்மை முழிக்கிறது. இவள் தைத்தால் யாரோ வரப்போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கண்ணைக் கடைசியில்தான் தைப்பாள். ஏன் என்று கேட்டேன். "முதல்லயே கண்ணத் திறந்திட்டா, கை கால் இல்லாம கிடக்கிறத அதுகள் பாக்கும் சேர்."

வாய்க்காரி. போன கிழமை சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டு, "சேருக்கும் ஒரு சிரிப்புத் தைச்சு விடட்டா? ரெண்டு இழை போதும்" என்றாள். மண்டபம் முழுவதும் சிரித்தது. நான் கணக்கில் எடுக்கவில்லை.

அவளுக்கு ஒரே மகன், நிலோஜன். 2006இல் ரியூசன் முடிந்து வரும் வழியில் இயக்கம் கொண்டுபோனது. அப்போது பதினாறு வயது. இப்போது வன்னியில் எங்கேயோ. சோறு ஆக்கும்போதெல்லாம் அவனுக்கும் ஒரு பீங்கானில் போட்டு மூடி வைக்கிறாளாம். பிறகு கோழிக்குக் கொட்டுகிறாளாம்.

வேலை நடக்கிறது. உடம்பைக் கவனி.

வேர்னன்

*

மெல்பேர்ண்
15.02.2009

பாசமுள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கள். சுகயீனம் ஒன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் எழும்பிவிடுவேன்.

வரவில்லை என்று நீங்கள் எழுதினால் வரவில்லைதான். பாவசங்கீர்த்தனத்தில் குருவானவரிடம் சொல்லிவிட்டேன், என் சோம்பலால் இரண்டு உயிர் போனது என்று. அப்படி நினைக்காதே என்றார். அவருக்கு என்ன தெரியும். இன்னொரு முத்திரை, இன்னொரு கடித உறை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. நான்தான் அண்ணா. இனி நீங்கள் அதை எழுதிக்காட்டத் தேவையில்லை.

அந்தப் பாவைப்பிள்ளையைத் தேடி மூன்று கடை ஏறி இறங்கினேன். எல்லாம் மஞ்சள் முடி. நம்முடைய பிள்ளைக்கு மண்ணிறமல்லவா. கடைசியில் கிடைத்தது, நீலச் சட்டை, படுக்க வைத்தால் கண்ணை மூடும், தூக்கினால் திறக்கும். எந்தத் தபால் பையில் கிடந்து உக்கியதோ. வேறொரு பிள்ளையிடம் போயிருந்தால் நல்லது.

வன்னிச் செய்திகளைப் பார்க்க நெஞ்சு பதறுகிறது. யசோதினியின் மகனுக்காகச் செபமாலை சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அவள் சைவம் என்றாலும் பரவாயில்லை.

பியட்றிஸ்

*

திராய்மடு
05.04.2009

பியட்றிஸ்,

சுகம். நீயும் அப்படியே இரு.

எழுபது உடம்பு முடிந்தது, முப்பது முகம். நீல நூல் தட்டுப்பாடு. கொழும்புக்குப் போகும் லொறியைச் சோதனைச்சாவடியில் மறித்து, மாதிரிக்கு அனுப்பிய பொம்மைகளின் வயிற்றை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்களாம். மெத்தென்று இருந்ததால் விட்டார்களாம்.

யசோதினி கிழமைக்கு ஒரு கடிதம் என்னைக் கொண்டு இங்கிலிஸில் எழுதுவிக்கிறாள். செஞ்சிலுவைக்கு, அரசாங்கத்துக்கு, வெளிநாட்டுத் தூதுவர்களுக்கு. நிலோஜனின் பெயர், பிறந்த திகதி, இடது புருவத்தில் தழும்பு. எழுதிக் கொடுக்கிறேன். பதில் இல்லை.

போன கடிதத்தில் நீ எழுதியவற்றுக்குப் பதில் எழுத இப்போது நேரம் இல்லை.

வேர்னன்

*

மெல்பேர்ண்
25.05.2009

பாசமுள்ள அண்ணாவுக்கு,

உங்களுக்கும் அங்கே உள்ள எல்லோருக்கும் ஆண்டவர் காவலாக இருக்கட்டும். சண்டை முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் காட்டினார்கள். வெடி கொளுத்தியதையும் காட்டினார்கள், முள்ளுக்கம்பிக்குப் பின்னால் நின்ற சனத்தையும் காட்டினார்கள். யசோதினியின் பிள்ளை அதற்குள் நிற்கிறானோ என்று முகம் முகமாகப் பார்த்தேன். அவனை நான் கண்டதில்லை. தழும்பைத் தேடினேன்.

செய்தி ஏதும் வந்தால் எனக்கும் எழுதுங்கள். பெட்டி ஆடி நடுவில் கொழும்பில் கப்பல் ஏறினால்தான் கடைக்காரி எடுப்பாள். ஆனால் அது இப்போது பெரிதல்ல.

பியட்றிஸ்

*

திராய்மடு
12.06.2009

அன்புள்ள பியட்றிஸ்,

நலம் அறிய ஆவல் என்று எல்லோரும் எழுதுவார்கள். எனக்கு இந்த முறை என் பக்கத்தை மட்டும் சொல்லி முடித்தால் போதும் போல இருக்கிறது.

செய்தி வந்துவிட்டது. ஐந்தாம் திகதி பாதர் ஒரு கடிதத்தை என் கையில் தந்தார். வவுனியா முகாமிலிருந்து ஒரு பெண் யசோதினிக்கு எழுதியது. நிலோஜன் சித்திரையில் ஷெல் பட்டுச் செத்துப்போனான், தன் கண் முன்னால், புதைத்த இடத்தில் ஒரு பனை நின்றது என்று எழுதியிருக்கிறாள். புருவத் தழும்பையும் எழுதியிருக்கிறாள். "நீங்கதான் பக்குவமாச் சொல்ல வேணும் வேர்னன்" என்றார் பாதர். ஊரில் சாவு அறிவிக்க இங்கிலிஸ் வாத்தியார் தேவை என்று அவருக்கு யார் சொன்னதோ.

இன்னும் சொல்லவில்லை. நாற்பத்திரண்டு முகம் மிச்சம் இருக்கிறது. சொன்னால் அவள் தைக்க மாட்டாள், பெட்டி போகாது, எட்டுக் குடும்பத்துக்கு வேலை நிற்கும். முகங்கள் முடியட்டும் என்று கடிதத்தை மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். செத்தவன் செத்தவன்தானே, மூன்று கிழமையில் இன்னும் சாகப்போவதில்லை. வியாபாரம் செய்கிறவள் நீ, உனக்கு விளங்கும்.

வேர்னன்

*

மெல்பேர்ண்
22.06.2009

அண்ணா,

எனக்கு விளங்கவில்லை.

என் கடிதம் கிடைத்த உடனே முகாமிலிருந்து வந்ததை அவளிடம் கொடுங்கள். பொம்மை போகாவிட்டால் போகட்டும், கடைக்காரிக்கு நான் பதில் சொல்கிறேன். வராத கடிதத்துக்காக ஒரு வருடம் தபால்பெட்டிக்கு முன்னால் நின்றவள் நான். வந்த கடிதத்தை ஒருவர் லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார் என்று என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. என் அண்ணன் அப்படிப்பட்டவர் இல்லை. உங்களுக்குத் துக்கம் கூடிவிட்டது, அதுதான்.

உடம்பைப் பாருங்கள். இன்றைக்கே கொடுங்கள்.

பியட்றிஸ்

*

திராய்மடு
11.07.2009

அன்புள்ள பியட்றிஸ்,

உன் கடிதம் போன கிழமை வியாழக்கிழமை கிடைத்தது. சுகமாக இரு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள். இரண்டாம் தரம் உட்கார்ந்து வாசித்தாள். அழவில்லை. மேலே இருந்த திகதியை விரலால் தடவினாள்.

"இது எப்ப சேர் வந்த?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா நான் அவனுக்குச் சோறு போட்டு மூடி வச்சிரிக்கன்."

முகங்கள் மிச்சம் இருந்ததைச் சொன்னேன். பெட்டி, திகதி, எட்டுக் குடும்பம் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டாள்.

"உங்களுக்கும் ஒரு புள்ள இருந்ததெண்டு செல்லிறாங்க. மெய்யா சேர்?"

நான் லாச்சியைத் தள்ளி மூடினேன்.

"எத்தின முகம் மிச்சம்?"

"ஒன்பது."

கூடையை இழுத்து வைத்துத் தைக்கத் தொடங்கினாள். நாலு மணிக்குப் பஸ்ஸுக்கு எழும்பும்போது ஒன்பதையும் வரிசையாக வைத்துவிட்டுப் போனாள். எல்லாம் மூடிய கண். ஒரு வளைந்த கோடு, அதன் கீழே மூன்று இமைமயிர். பெண்கள் பிரித்துத் திரும்பத் தைப்போம் என்றார்கள். தொட வேண்டாம் என்றேன். கடைக்காரி எடுக்காவிட்டால் நீ வைத்துக்கொள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

பெட்டி நேற்று லொறியில் போனது. விலைப்பட்டியலில் நூற்றிருபது. பெட்டிக்குள் நூற்றிருபத்தொன்று. அடியில் கிடப்பது விற்பனைக்கு அல்ல. அது எங்கள் தையலும் அல்ல. எழுதத் தெரிந்தவன் என்றுதான் எனக்குப் பெயர். இதை எழுத முடியவில்லை. ஆகவே அனுப்பியிருக்கிறேன்.

வேர்னன்

*

மெல்பேர்ண்
09.09.2009

சுங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். கணக்கில் ஒன்று கூட இருக்கிறது, இலங்கையில் செய்தவை என்று எழுதிய பெட்டிக்குள் சீனாவில் செய்த பொம்மை ஒன்று எப்படி வந்தது என்று கேட்டார்கள். போனேன். மேசையில் வைத்திருந்தார்கள். நீலச் சட்டை. கழுத்தில் உங்கள் கையெழுத்தில் அட்டை: பியோனா, டச்பார். அது வந்த பெட்டியின் மூடிக்குள்ளே என் கையெழுத்து: என் ஞானமகளுக்கு. அதற்குக் கீழே படிவங்கள், மடிப்புக்கூடக் குலையாமல். கூடவே லெஸ்டரின் துண்டு.

அந்தச் சுங்கப் பெடியன் நல்லவன். இது விற்க வந்ததா என்று கேட்டான். இல்லை, திரும்பி வந்தது என்றேன். சேதம் ஏதும் உண்டா என்று கேட்டான். இல்லை என்று கையெழுத்து வைத்தேன்.

வீட்டில் லெஸ்டர் தன் துண்டை எடுத்து வாசித்தார். "நான் என்னத்தப் பிழையா எழுதினன்?" என்று கேட்டார். கராஜில் படுக்கலாம், பட்டறையில் கூட்டுகிற வேலை உடனே தருவேன் என்று எழுதியிருக்கிறார். அவர் இங்கே வந்தபோது ஒரு இத்தாலிக்காரனின் கராஜில் எட்டு மாதம் படுத்தவர், அவனுடைய பட்டறையைக் கூட்டியவர். சொந்தக்காரனுக்கு அப்படித்தான் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். துண்டை எழுதி அனுப்பிய கிழமையே கராஜுக்கு றோஸ் நிறத்தில் சுண்ணாம்பு அடித்து ஒரு சின்னக் கட்டில் போட்டார். நான் உங்களுக்கு அதை எழுதியதே இல்லை, மனம் நோகும் என்று. ஆறு வருடமாகக் கார் வெளியே மழையில்தான் நிற்கிறது.

கடைக்காரி நூற்றிருபதையும் எடுத்துவிட்டாள். முதலில் விற்றது கண் மூடிய ஒன்பதும்தான்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். மச்சாளுக்குத் தெரியுமா?

பியட்றிஸ்

*

திராய்மடு
27.09.2009

பியட்றிஸ்,

சுகம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கி எனக்குப் பழக்கமில்லை. நீ சாப்பிடுகிறாயா? லெஸ்டருக்கு எப்படி?

ஹெதருக்குத் தெரியாது.

பார்சல் புரட்டாசி முதல் கிழமையில் பள்ளிக்கூடத்துக்கு வந்தது. ஆசிரியர் அறையில் வைத்துப் பிரித்தேன். முதலில் கையில் வந்தது லெஸ்டரின் துண்டு. அவன் விமானம் ஏறப் போட்ட விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான், அவனுக்கு அப்போது தன் பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுத வராது. அவன் எனக்குக் கூட்டுகிற தும்புத்தடியைத் தருகிறான் என்று மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கோபம் ஆறும்வரை ஒரு கிழமை இருக்கட்டும் என்று அலுமாரியில் வைத்தேன். கிழமை மாதமாயிற்று. பிறகு அந்த மாதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நீ மறந்துவிட்டாய் என்று சொல்வது சுலபமாக இருந்தது. சொல்லச் சொல்ல நானே அதை நம்பினேன். உன்னிடமும் அதையே சொன்னேன், எல்லாம் போன பிறகும்கூட.

ஹெதர் நம்பவில்லை. "பியட்றிஸ் அப்பிடி மறக்கிற ஆளில்ல" என்றாள். உனக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தாள். அதையும் போடவில்லை. இதோடு வருகிறது. நான் உடைக்கவில்லை. வீட்டில் இருந்த எல்லாவற்றையும் கடல் கொண்டுபோனது. அந்தப் பள்ளிக்கூட அலுமாரி டவுணில் இருந்ததால் அதற்குள் நான் ஒளித்தவை மட்டும் தப்பின.

நீ கேட்காத ஒன்றையும் எழுதுகிறேன். இனி லாச்சியில் வைக்க என்னிடம் எதுவும் இருக்கக் கூடாது.

அடுத்த வருடம், 2004 மார்கழி விடுமுறையில் விடைத்தாள் எடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது பியோனாவும் வந்தாள். நான் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் சோக்கட்டி தேடி அலுமாரியைத் திறந்து பெட்டியைக் கண்டுவிட்டாள். மூடியின் உட்புறத்தை அவள் பார்க்கவில்லை.

"இது ஆருக்கப்பா?"

"டவுணில ஒரு புள்ளைக்கு. நத்தாருக்குக் குடுக்க வச்சிரிக்கு."

படுக்க வைத்தாள். கண் மூடியது. தூக்கினாள். திறந்தது. மூன்று தரம் அப்படிச் செய்தாள். பிறகு சட்டையைத் தடவி நேராக்கி, இருந்தபடியே வைத்து, நூலையும் முன்னர் கட்டியிருந்தது போலக் கட்டினாள். எனக்கும் ஒன்று என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். தெரியாது.

நத்தார் அன்று, இருபத்தைந்தாம் திகதி, பூசை முடிந்து கல்லடிப் பாலத்தால் வந்துகொண்டிருந்தோம். சைக்கிளின் முன்பாரில் அவள், பின்னால் ஹெதர். வாவியில் வள்ளங்கள் எதுவும் இல்லை. பாலத்தின் நடுவில் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைக்கு இப்ப கிடைச்சிரிக்கும், என்னப்பா?"

"ஓம்" என்றேன்.

"சந்தோசப்பட்டிருப்பாள்" என்றாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை.

வேர்னன்